பெயரைக் கேட்கிறவன் தன் பெயரைச் சொல்லட்டும்!

தொம்மலூரிலும் அதை அடுத்த முருகேஷ்பாளையம், ஈஜிபுரா, அல்சூர் பகுதிகளிலும் பிழைப்பு நடத்தும் நம் மக்களிடையே சில ஆண்டுகளாக ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. "வெரிஃபிகேஷன் ஆகவில்லை, பணம் மாட்டிக்கொண்டது" என்பதே அந்தப் பேச்சு. ஓட்டலில் வேலை பார்ப்பவர், ஐ.டி. பார்க் வாசலில் காவல் நிற்பவர், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர், பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளை என்று பலரும் நம் சங்கத்துக்கு வந்து இதையே சொல்கிறார்கள். பணம் எங்கே மாட்டியது என்று கேட்டால் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சு என்கிறார்கள். இன்னும் துருவிக் கேட்டால், கிரிப்டோ காசு வைத்து ஆடும் ஆன்லைன் காசினோ என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்கிறார்கள்.

சூது குடியைக் கெடுக்கும் என்று உபதேசம் செய்ய நாம் புறப்படவில்லை. அது பாரதக் கதை கேட்ட குழந்தைக்கும் தெரியும். நாம் எழுப்பும் கேள்வி வேறு. கே.ஒய்.சி. என்று மூன்று எழுத்தில் சொல்லப்படும் அடையாளச் சோதனை யாரைக் காக்க ஏற்பட்டது? இன்று அது யாரைக் காக்கிறது? யாரைக் காட்டிக்கொடுக்கிறது? பிழைக்க வந்த இடத்தில் ஒவ்வொரு வாசலிலும் காகிதம் காட்டியே வாழும் நாம் இதைச் சிந்திக்காவிட்டால் வேறு யார் சிந்திப்பார்கள்?

தோற்றவனைக் கேட்பதில்லை, ஜெயித்தவனைக் கேட்கிறார்கள்

முதலில் விஷயத்தைச் சுருக்கமாக விளக்கிவிடுகிறோம். கிரிப்டோ நாணயம் என்பது எந்த அரசாங்கமும் அச்சடிக்காத, கம்ப்யூட்டர் கணக்கேட்டில் மட்டும் இருக்கிற காசு. பிட்காயின் என்பது 2009-ல் புழக்கத்துக்கு வந்தது. டெதர் என்பது ஒரு டாலருக்கு ஒன்று என்று மதிப்புச் சொல்லப்படுவது. இந்தக் காசு ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்குப் போவது உலகத்துக்கே தெரியும். ஆனால் அந்த முகவரிக்குச் சொந்தக்காரர் யார் என்பது தெரியாது. ரூபாயைக் கொடுத்து இந்தக் காசை வாங்கவும், விற்று ரூபாயாக மாற்றவும் உள்ள கடைக்கு எக்ஸ்சேஞ்சு என்று பெயர். காசினோ அந்தக் காசை வைத்து ஆடும் சூதாட்ட மனை.

கிரிப்டோ காசினோக்கள் பலவற்றில் நுழைவதற்கு ஓர் இ-மெயில் முகவரி போதும். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், வயதுக்குச் சான்று வேண்டாம். காசு ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடும். தோற்றுக்கொண்டே இருக்கும் வரையில் "ஐயா, தாங்கள் யார்?" என்று ஒருவரும் கேட்பதில்லை. தப்பித்தவறி ஒருநாள் ஜெயித்து, பணத்தைத் திரும்பக் கேட்டால்தான் கதவு சாத்தப்படுகிறது. ஆதாரைக் காட்டு, பாஸ்போர்ட்டைக் காட்டு, அதைக் கையில் பிடித்துக்கொண்டு உன் முகத்தைப் படமெடுத்து அனுப்பு, உன் பெயரில் கரண்டு பில் அனுப்பு, இந்தப் பணம் உனக்கு எப்படி வந்தது என்று சம்பளச் சீட்டுடன் நிரூபி என்று வரிசையாக ஓலை வருகிறது.

ஒரே அறையில் ஆறுபேர் படுத்துறங்கும் தொழிலாளி தன் பெயரில் கரண்டு பில்லுக்கு எங்கே போவான்? அதையும் எப்படியோ தேடிக் கொடுத்தால், "நீ இந்தியாவில் இருக்கிறாய், எங்கள் நிபந்தனையின் இத்தனையாவது பிரிவின்படி இந்தியர் ஆடக்கூடாது, ஆகவே கணக்கு முடக்கப்படுகிறது" என்று பதில் வரும் தளங்களும் உண்டு. ஆடக்கூடாது என்ற விதி காசை வாங்கும்போது தூங்கிக்கொண்டிருந்தது. காசைக் கொடுக்கும்போது விழித்துக்கொண்டது! இது சோதனையா, பணத்தை அமுக்குவதற்கு வைத்த பொறியா?

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. ரயில்வேயும் அடையாளம் கேட்கிறது. 2025 ஜூலை 1 முதல் ஆன்லைனில் தட்கல் டிக்கெட் எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று ஆயிற்று. பிறகு கவுண்டரில் எடுப்பவருக்கும் ஓ.டி.பி. வந்தது. போலிக் கணக்குகளை வைத்துக்கொண்டு டிக்கெட்டுகளை அள்ளிய தரகர்களை ஒடுக்க இதைச் செய்தார்கள். செல்போன் இல்லாத முதியவர்களுக்கு இதனால் உண்டான சிரமத்தை நாம் கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் ஒரு நேர்மை இருக்கிறது. ரயில்வே அடையாளத்தைக் கேட்பது டிக்கெட்டுக்குப் பணம் வாங்கும்போதும் பயணம் நடக்கும்போதும்தான். ஜோலார்பேட்டையில் இறங்கி வெளியே போகிறவனை வாசலில் நிறுத்தி, "உன் பெட்டியைக் கொடுக்கவேண்டுமானால் கரண்டு பில்லைக் காட்டு" என்று சொல்வதில்லை. அதுமட்டுமல்ல. பயணி தன் பெயரைக் காட்டுகிறான் என்றால் ரயிலும் தன் பெயரைக் காட்டுகிறது. வண்டி எண் டிக்கெட்டில் இருக்கிறது, பெட்டி எண் இருக்கிறது, புகாருக்கு 139 என்ற எண் இருக்கிறது. அடையாளம் இரண்டு பக்கமும் இருக்கிறது. நாம் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததன் சாரமே இதுதான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

நம் கண்ணெதிரே நடந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். தொம்மலூரிலிருந்து பழைய ஏர்போர்ட் ரோட்டில் கொஞ்சதூரம் போனால் கெம்ப் ஃபோர்ட் மால். துமகூரில் பிறந்த யுனோகாயின் கம்பெனி 2018 அக்டோபரில் அங்கே ஒரு கிரிப்டோ ஏ.டி.எம். பெட்டியை வைத்தது. சில நாட்களிலேயே போலீசார் பெட்டியைப் பறிமுதல் செய்து, கம்பெனியை நிறுவியவர்களைக் கைது செய்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ரிசர்வ் பாங்கு, கிரிப்டோ வியாபாரத்துக்குப் பாங்குகள் சேவை செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருந்தது. 2020 மார்ச் 4-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2022 ஏப்ரலிலிருந்து லாபத்தின்மீது 30 சதவீத வரியும், ஜூலையிலிருந்து ஒவ்வொரு கைமாற்றத்திலும் 1 சதவீதப் பிடித்தமும் வந்தன. வரி வாங்கத் தொடங்கிய அரசாங்கம், வாடிக்கையாளரைக் காக்க ஒரு சட்டம் செய்ததா என்றால் இல்லை.

2023 மார்ச் 7-ல் வந்த அறிவிப்பு, கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளைக் கறுப்புப் பண மோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. அதன்படி அவை நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்துகொண்டு, வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சோதித்து, சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களை அறிவிக்க வேண்டும். பதிவு செய்யாத ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு 2023 டிசம்பர் 28-ல் நோட்டீசு போயிற்று. அவற்றுள் உலகிலேயே பெரியதான பைனான்சும் ஒன்று. 2024 ஜூனில் அதற்கு 18 கோடியே 82 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். 2025 ஜனவரியில் பைபிட் என்ற இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்கு 9 கோடியே 27 லட்சம். இந்த நடவடிக்கைகளை நாம் வரவேற்கிறோம். பதிவு செய்த எக்ஸ்சேஞ்சு முதலிலேயே அடையாளம் கேட்கிறது. அதுவே முறை.

சூதாட்டத்துக்கு வருவோம். கர்நாடகம் 2021 அக்டோபரில் ஆன்லைன் பண விளையாட்டைத் தடைசெய்தது. 2022 பிப்ரவரியில் கர்நாடக ஐகோர்ட்டு அந்தத் திருத்தத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம், கவர்னர் திருப்பி அனுப்பி, சட்டசபை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதன்கீழ் 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், ஆதாரோடு சேர்ந்த கே.ஒய்.சி. கட்டாயம் என்றும், நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை ஆட்டம் கூடாது என்றும் கூறின. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3-ல் சென்னை ஐகோர்ட்டு அந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆட்டம் தொடங்குமுன் அடையாளம் என்பதே அதன் தத்துவம். சிறுபிள்ளை உள்ளே போகாமல் தடுப்பது அது ஒன்றுதான்.

பிறகு 2025 ஆகஸ்டு 22-ல் ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் அனைத்தையுமே தடைசெய்துவிட்டது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தாலும் தண்டனை. ஆடுகிறவரை அந்தச் சட்டம் குற்றவாளி ஆக்கவில்லை. ஆனால் ஊருக்குப் போய்வரும் நம்மவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடுகிறவருக்கும் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு.

தடை வந்ததும் உள்ளூர்க் கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. நிறுத்தாதவர்கள் யார்? எங்கோ கரீபியன் கடலில் ஒரு தீவில் லைசென்சு வாங்கிக்கொண்டு, ரூபாய் வேண்டாம், டெதர் கொடு என்று கை நீட்டுகிறவர்கள். நம் சட்டம் வெளிநாட்டிலிருந்து நடத்துவோருக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கிறது. எழுத்து போகிற தூரம் கை போகவேண்டாமா?

நம் பெயர் அவர்கள் கட்டத்தில் அடங்குவதில்லை

எல்லோருக்கும் பொதுவான இந்தத் தொல்லையோடு, தமிழராகிய நமக்கென்று தனியாக ஒரு தொல்லையும் இருக்கிறது. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னே போட்டு, தன் பெயரை எழுதுகிறான். சாதிப்பெயரை வாலாக ஒட்டிக்கொள்வதை விட்டொழித்தது நம் சமுதாயத்தின் பெருமை. அந்தப் பெருமையைக் கம்ப்யூட்டர் அறியாது. முனுசாமி மகன் செல்வம் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாங்கில் அவர் எம். செல்வம். ஆதாரில் செல்வம் எம். பான் கார்டில் கடைசிப் பெயர் கேட்டபோது அப்பா பெயரை நிரப்பியதால் செல்வம் முனுசாமி. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது தெருவில் போகிற யாருக்கும் தெரியும். இயந்திரத்துக்கு மட்டும் அவர் மூன்று ஆள். "பெயர் ஒத்துப்போகவில்லை" என்று ஒரு வரி. அதோடு அவர் பணம் நின்றுவிடும்.

பழனி என்பதை ஒரு காகிதத்தில் 'ழ'கரத்துக்குரிய ஆங்கில எழுத்தோடும், இன்னொன்றில் 'ல' என்றும் எழுதிவிடுகிறார்கள். கன்னடத்தில் எழுதும்போது மூன்றாவது உருவம் எடுக்கிறது. ஆதாரில் முகவரி திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம், இருப்பதோ தொம்மலூர். வாடகைப் பத்திரம் எழுதித்தர வீட்டுக்காரருக்கு மனமில்லை. சிமெண்டு குழைத்த கையிலும் துணி வெளுத்த கையிலும் ரேகை தேய்ந்துபோய், கருவியில் விரல் பதிவதில்லை. இவையெல்லாம் நேர்மையாகப் பாங்குக் கணக்கு வைத்து, பதிவு பெற்ற இடத்தில் நேர்மையாக நடக்க நினைப்பவனுக்கு வரும் இடைஞ்சல்கள். மோசடிக்காரனுக்கோ காகிதமெல்லாம் அச்சுப்பிசகாமல் ஒத்துப்போகிறது! அவன் காகிதத்தை விலைக்கு வாங்குகிறான் அல்லவா?

அவர்கள் யார்?

நம்மிடம் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, முகம், விரல், வீட்டு விலாசம் எல்லாம் கேட்கிறார்கள். சரி, கேட்கிறவர் யார்?

வாசிர்எக்ஸ் என்று ஓர் எக்ஸ்சேஞ்சு. இந்தியாவின் பெரிய எக்ஸ்சேஞ்சு என்று பெயரெடுத்தது. கே.ஒய்.சி. கொடுத்துத்தான் லட்சக்கணக்கானவர்கள் அதில் சேர்ந்தார்கள். 2024 ஜூலை 18-ல் அதிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோ களவு போயிற்று. எல்லோருடைய கணக்கும் முடங்கியது. அப்பொழுதுதான் மக்கள் கேட்டார்கள்: இந்தக் கடையின் முதலாளி யார்? இந்தக் கேள்வி புதிதல்ல. 2019-ல் வாசிர்எக்சைத் தாங்கள் வாங்கிவிட்டதாக அறிவித்த பைனான்சு, 2022 ஆகஸ்டில் அந்த விற்பனை முடியவே இல்லை என்றது. இந்தியாவில் ஒரு கம்பெனி, சிங்கப்பூரில் ஒரு கம்பெனி. பணத்தைப் போட்டவர்களுக்கு நியாயம் பேசப்பட்ட இடம் சிங்கப்பூர் கோர்ட்டு. 2025 அக்டோபரில்தான் ஏற்பாடு ஒன்று அங்கீகரிக்கப்பட்டு எக்ஸ்சேஞ்சு மறுபடி திறந்தது. அதுவரை பதினைந்து மாதம் காத்துக்கிடந்தவர்கள், தங்கள் அடையாளத்தை முழுமையாக நிரூபித்தவர்கள். நிரூபிக்காதவர் அந்தக் கடைக்காரர்!

எக்ஸ்சேஞ்சு நிலை இதுவென்றால் காசினோ நிலையைக் கேட்கவேண்டுமா? இவற்றில் பல, கரீபியன் கடலில் நெதர்லாந்து அரசின்கீழ் உள்ள குராசோ தீவின் லைசென்சைக் காட்டி நடப்பவை. நெடுங்காலம் அங்கே நாலு கம்பெனிகள் மூல லைசென்சு வைத்துக்கொண்டு, அதன்கீழ் மற்றவர்களுக்கு உள்லைசென்சு கொடுத்துவந்தன. 2024 டிசம்பரில்தான் அந்தத் தீவு புதுச் சட்டம் செய்தது. குராசோவில் போய் மனுக்கொடுக்க தொம்மலூர் இளைஞனால் ஆகுமா? அங்கே இருப்பது பல சமயம் ஒரு தபால் முகவரி மட்டும்தான்.

நம் தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயிலில் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கொடை கொடுத்தவர் யார், என்ன கொடுத்தார் என்பதை வருவோர் போவோர் எல்லாம் படிக்கும்படி கல்லிலே வெட்டிவைத்தார்கள். கோடிகோடியாகப் பணம் புரளும் இன்றைய வியாபாரத்திலோ, பணம் கொடுக்கிறவன் பெயர் கண்ணாடிபோல் தெரிகிறது. வாங்குகிறவன் பெயர் இருட்டில் கிடக்கிறது. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

வாங்கிக்கொண்ட நம் காகிதங்களையாவது பத்திரமாக வைத்திருக்கிறார்களா? அமெரிக்காவின் பெரிய எக்ஸ்சேஞ்சான காயின்பேஸ் 2025 மே மாதம் ஓர் அறிவிப்பு செய்தது. வெளிநாட்டில் வாடிக்கையாளர் சேவையில் இருந்த சில ஊழியர்களுக்குக் கைக்கூலி கொடுத்து, சுமார் 69 ஆயிரம் வாடிக்கையாளர்களின் விவரங்களைத் திருடிவிட்டார்கள். அவற்றில் அடையாள அட்டைப் படங்களும் இருந்தன. அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால், பெயர் தெரியாத காசினோவுக்கு அனுப்பிய ஆதார் படம் எந்தச் சந்தையில் விலைபோகிறதோ! பணம் போனால் சம்பாதிக்கலாம். விரல்ரேகையும் முகமும் போனால் வேறு வாங்க முடியுமா?

ஆதாரை எதிர்த்து 2012-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர் நம் பெங்களூர்க்காரர், ஓய்வுபெற்ற கர்நாடக ஐகோர்ட்டு நீதிபதி கே.எஸ். புட்டசாமி அவர்கள். அந்த வழக்கிலேதான் 2017 ஆகஸ்டு 24-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற தீர்ப்பு வந்தது. 2018 செப்டம்பர் 26-ல் தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்க இடம் தந்த பகுதியையும் கோர்ட்டு அடித்துவிட்டது. எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் போராடிப் பெற்ற உரிமையை, நாம் ஒரு செல்போன் சொடுக்கில் தாரைவார்த்துக் கொண்டிருக்கிறோம் என்பது வேதனைக்குரியது.

கணக்கை வாடகைக்கு விடும் கொடுமை

இனி, நம் உள்ளத்தை வாட்டும் விஷயத்துக்கு வருகிறோம். அடையாளச் சோதனையைக் கடுமையாக்க ஆக்க, அடையாளத்துக்குச் சந்தை ஏற்படுகிறது. சூதாட்டக் கும்பலுக்கும் மோசடிக் கும்பலுக்கும் சுத்தமான ஆதார், சுத்தமான பான், சுத்தமான பாங்குக் கணக்கு வேண்டும். அது யாரிடம் இருக்கிறது? ஏழையிடம் இருக்கிறது. "உன் பெயரில் ஒரு கணக்கு திற, சிம் கார்டையும் ஏ.டி.எம். கார்டையும் எங்களிடம் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறோம்" என்று ஆசைகாட்டுகிறார்கள். இத்தகைய கணக்குக்குப் போலீஸ் மொழியில் 'மியூல் அக்கவுண்ட்' என்று பெயர். மியூல் என்றால் கோவேறு கழுதை. யாருடைய சுமையையோ சுமந்து, அடியை மட்டும் தான் வாங்கும் பிராணி. பெயர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. எக்ஸ்சேஞ்சில் ஆளுக்கு ஆள் நேராக விற்பது என்று ஒரு முறை. நம் பையன் தன்னிடமுள்ள டெதரை விற்கிறான். வாங்குகிறவன் யு.பி.ஐ. மூலம் ரூபாயை அனுப்புகிறான். அந்த ரூபாய் தெலுங்கானாவிலோ குஜராத்திலோ ஒரு மூதாட்டியை ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால், அவர் 1930 என்ற எண்ணுக்குப் புகார் கொடுத்தவுடன், பணம் போன வழியைப் பிடித்துக்கொண்டு கணக்கு கணக்காக முடக்கிக்கொண்டு வருவார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு போலீசுக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. பையனுக்கு அந்த மூதாட்டி யாரென்று தெரியாது. அவன் சம்பளக் கணக்கு முடங்கும். ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் நிற்கும். எந்த ஊர் போலீஸ் என்றுகூடப் பாங்கில் தெளிவாகச் சொல்லாமல் அலைக்கழிப்பதை நாம் பலமுறை கூடப்போய்ப் பார்த்திருக்கிறோம். பாஷை தெரியாத ஊருக்கு லீவு போட்டுவிட்டு ஓடவேண்டும். அங்கே ஒரு வக்கீல் வைக்கவேண்டும்.

ரிசர்வ் பாங்கின் புதுமை மையம் நம் பெங்களூரிலேயே இருக்கிறது. இத்தகைய கணக்குகளை வேட்டையாட அது உருவாக்கிய கம்ப்யூட்டர் முறையை 2024 டிசம்பரில் ரிசர்வ் பாங்கு அறிவித்தது. வேட்டையாடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கழுதை பிடிபடுகிறது. சுமையை ஏற்றியவன் பிடிபடுகிறானா?

உலக உதாரணம் ஒன்று சொல்கிறோம். வாடிக்கையாளரை ஒழுங்காகச் சோதிக்காமல் கறுப்புப் பணத்துக்கு வழிவிட்ட குற்றத்தை 2023 நவம்பரில் அமெரிக்காவில் பைனான்சு ஒப்புக்கொண்டு, 430 கோடி டாலருக்கு மேல் கட்டச் சம்மதித்தது. அதை நிறுவிய சாங்பெங் சாவ் 2024-ல் நாலு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 2025 அக்டோபரில் ஜனாதிபதி டிரம்ப் அவருக்கு மன்னிப்பும் கொடுத்துவிட்டார். உலகமெங்கும் சோதனையே இல்லாமல் கதவைத் திறந்துவைத்தவருக்கு நாலு மாதமும் மன்னிப்பும். சில ஆயிரத்துக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கைக் கொடுத்த ஏழைப் பையனுக்கு வழக்கு, ஜாமீன், வேலையிழப்பு, ஊரில் தலைகுனிவு. பெரிய மீன் கிழித்துக்கொண்டு போகிறது. வலையில் மாட்டுவது சென்னாங்குன்னி!

அடையாளமே வேண்டாம் என்பவர்களுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிலர் சொல்லக்கூடும்: "அதனால்தான் நாங்கள் அடையாளமே கேட்காத காசினோவுக்குப் போகிறோம். பெயர் கொடுக்காவிட்டால் தொல்லையே இல்லையே?" படித்த இளைஞர்கள் சிலர் இதைச் சுதந்திரம் என்றே வாதாடுகிறார்கள். அவர்கள் வாதத்தில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. அரசாங்கமும் கம்பெனியும் நம் வாழ்வின் ஒவ்வொரு அடியையும் பார்க்கவேண்டிய அவசியமில்லை. ஆனால் பெயரில்லாத சந்தையில் பலசாலி வைத்ததே சட்டம். நீ பெயர் கொடுக்கவில்லை என்றால், நாளை உன் பணத்தை அமுக்கினால், அது உன் பணம் என்று எதை வைத்து நிரூபிப்பாய்? எந்தக் கோர்ட்டில் எந்தப் பெயரில் பிராது கொடுப்பாய்? பதினைந்து வயதுப் பிள்ளை உள்ளே நுழைந்தால் யார் தடுப்பார்கள்?

கர்நாடகத் தமிழ்த் தொழிலாளிக்கு அடையாளப் பிரச்சினை புதிதல்ல. 1930-ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளரின் கைரேகையைப் பதியவேண்டும் என்று நிர்வாகம் கிளம்பியபோது, அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன ஏழைத் தமிழர்கள், ஒடுக்கப்பட்ட மக்கள். தங்களுக்குப் பெயர் வேண்டாம் என்று அவர்கள் போராடவில்லை. எங்களை மட்டும் திருடர்களைப்போல் ரேகை பிடிக்கிறாயே என்றுதான் போராடினார்கள். பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைத்துத் தங்கம் எடுத்தவனுக்குக் கைரேகை. அந்தத் தங்கத்தை லண்டனுக்குக் கொண்டுபோனவனுக்கு மரியாதை. அந்த ஓரவஞ்சனையை எதிர்த்த போராட்டம் அது. இன்று நாம் கேட்பதும் அதே நியாயம்தான். சோதனை வேண்டாம் என்பதல்ல. ஒருபக்கச் சோதனை வேண்டாம் என்பது.

நாம் கேட்பது என்ன?

முதலாவது, பணத்தை வாங்குமுன் அடையாளம் கேள். வாங்கியபின் புதிதாக நிபந்தனை சொல்லிப் பணத்தை நிறுத்திவைப்பதைச் சட்டம் மோசடியாகக் கருதவேண்டும். அடையாளம் ஒத்துப்போகவில்லை என்றால் போட்ட காசை வந்த வழியே திருப்பிக் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, எக்ஸ்சேஞ்சு நடத்துகிற ஒவ்வொருவரும் தன் சொந்தக்காரர் யார், வாடிக்கையாளர் சொத்து எந்த நாட்டில் யார் கையில் இருக்கிறது, புகாரை இந்தியாவில் எந்த விலாசத்தில் யாரிடம் கொடுப்பது என்பதைத் தன் முதல் பக்கத்தில், வாடிக்கையாளரின் தாய்மொழியில் எழுதிவைக்கவேண்டும். நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்தவர்களின் பட்டியல் தமிழிலும் கன்னடத்திலும் ஒவ்வொரு பாங்குக் கிளையிலும் ஒட்டப்படவேண்டும்.

மூன்றாவது, இனிஷியல் முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதற்காகத் தமிழன் பணத்தை நிறுத்தக்கூடாது. பெயர் வேறுபாட்டை ஒரு மனிதர் பார்த்துத் தீர்க்க வழியும், அதற்கொரு காலக்கெடுவும் வேண்டும்.

நாலாவது, முடக்கப்பட்ட கணக்கில் சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து, சம்பளப் பணத்தை விட்டுவிடவேண்டும். விளக்கம் கொடுக்க அவரவர் வாழும் ஊர் போலீஸ் நிலையத்திலேயே வசதி செய்யவேண்டும். தெரிந்தே கூட்டுச் சேர்ந்தவனையும் ஏமாந்து கணக்கைக் கொடுத்தவனையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது.

ஐந்தாவது, 2023-ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில்தான் விதிகள் வெளியாயின. அதிலும் முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். நம் காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் கம்பெனிக்கு அவகாசம், காகிதம் கொடுக்காத நமக்கு உடனடி முடக்கம் என்பது என்ன நியாயம்?

அரசாங்கத்திடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லவேண்டும். தம்பி, உன் பாங்குக் கணக்கையும் சிம் கார்டையும் யாருக்கும் வாடகைக்கு விடாதே. அது உன் கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள். ஆதார் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகல் கிடைக்கிறது, அதைக் கொடு. விரல்ரேகையைப் பூட்டிவைக்கும் வசதி ஆதாரிலேயே இருக்கிறது, பூட்டிவை. முன்பின் தெரியாதவனிடமிருந்து கிரிப்டோவுக்காக யு.பி.ஐ. பணம் வாங்காதே. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளியாதே. உடனே 1930-க்குச் சொல், பிறகு சங்கத்துக்கு வா. ஒளிந்துகொள்கிறவனைத்தான் கும்பல் மறுபடி தேடிவரும்.

பெயர் தெரியாத கூட்டமாக இந்த ஊருக்கு வந்தவர்கள் நாம். ரேஷன் கார்டுக்கும், வாக்காளர் பட்டியலுக்கும், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கும் அலைந்து அலைந்து ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்தோம். அந்தக் காகிதத்தில் இருப்பது நம் அப்பன் பெயரும் நம் பெயரும். அதைப் பணத்துக்காக எவனோ ஒருவன் கேட்டால், முதலில் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஐயா, உங்கள் பெயர் என்ன? பதில் சொல்லாதவனிடம் காசும் கொடுக்கவேண்டாம், காகிதமும் கொடுக்கவேண்டாம்.